இரண்டு பொட்டலம் அரளிப்பூ

பெரியப்பா மகளைக் கண்டால் எனக்கு வயிற்றெரிச்சல். இப்போது எழுதும்போதுகூட அதை மழுப்பத் தோன்றவில்லை. என்னைவிட நான்கு மாதம் மூத்தவள், அதனால் அக்கா. கிணத்துக்கடவில் ஒரே தோப்புக்குள் அடுத்தடுத்த வீடு. ஒரே பஸ்ஸில் கோயமுத்தூர் போய், ஒரே வகுப்பில் கணிதம் படித்தோம். மார்க் எனக்குத்தான் அதிகம், அதில் எரிச்சல் இல்லை. அவளுக்கு ஒன்று நிஜமாகவே பிடித்திருந்தது. எனக்கு அப்படி எதுவும் பிடித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் கடைசி வருடத்தில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தோம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது மாதிரி ஏசி அறைக்குள் போக வேண்டும். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த புரோகிராமை நான் அப்படியே அடித்து, வந்த விடையை எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அவளோ, "ஏனுங்க சார், நாம பேசற தமிழு இதுக்குப் புரியுங்களா?" என்று கேட்டாள். மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றே ஒரு நோட்டு வாங்கி, 'போ' என்கிற ஒற்றைச் சொல் போனேன், போவீங்களா, போகாட்டி, போயிருப்பாள் என்று எத்தனை வேஷம் கட்டுகிறது என எழுத ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் யாராவது வாயைத் திறந்தால் போதும், காது அங்கே போய்விடும். நோட்டு தீர்ந்து இன்னொன்று வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதையெல்லாம் எழுதி என்னத்தைப் பண்ணப் போறே?" என்றேன்.

"மிஷினுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் கண்ணு. எந்த வேஷத்துல வந்தாலும் ஒரே ஆளுதான்னு அதுக்குத் தெரியோணுமல்லோ?"

மொழியியலையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து முதுகலையாகச் சொல்லித்தரும் பல்கலைக்கழகம் ஒன்று வடக்கே இருப்பதை அவளே தேடிப் பிடித்தாள். இடங்கள் கொஞ்சம்தான். மார்க்கோடு, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். அவள் தபாலில் போட்ட மறுநாள், அவளுக்குத் தெரியாமல் நானும் போட்டேன். படிப்பு வேண்டும் என்றல்ல. அதைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் வருமே ஒரு வெளிச்சம், அது எனக்கு வேண்டும். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்கு வந்த கடிதத்தில், காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்று இருந்தது. அவள் போகாவிட்டால் நான் போகலாம். கடிதத்தைப் பெட்டியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பெரியப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "கம்ப்யூட்டருன்னா சரி. அதென்ன மொழியியலு? தமிழுதான் நமக்கே தெரியுமே. அதைப் படிக்க ரெண்டு நாளு ரயில்ல போகோணுமா?" என்று ஒரு வாரம் புலம்பிவிட்டு, "எதுக்கும் சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார்.

கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, முடிவெடுக்க முடியாவிட்டால் எங்கள் வீட்டில் பூக் கேட்பதுதான் வழக்கம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் போட்டால், பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

கொடுமுடிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் எங்கள் குலதெய்வக் கோயில். எல்லோரும் போனோம். யாருக்காகக் கேட்கிறோமோ அவள் பொட்டலம் கட்டக் கூடாது. பெரியப்பா என்னைப் பார்த்தார். "அம்மணி, நீ கட்டிக் கொண்டா. உங்கக்காளுக்கு உன்னையாட்ட நல்லது நெனைக்கிறவ வேற யாரு?"

கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டிலும் செவ்வரளியையே வைத்து, எப்போதும்போல் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். வெள்ளரளியைத் தாவணி முந்தியில் முடிந்துகொண்டேன். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

பூசாரி பிரித்தார். சிவப்பு. பெரியம்மா 'அப்பாடா' என்று கும்பிட்டாள். அக்கா, "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். எடுக்காத பொட்டலத்தை ஆற்றில் விட்டு வருவதாகச் சொல்லித் தனியாகப் படியிறங்கினாள். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, சீ!

அவள் வரவில்லை என்று எழுதிப்போட்ட சில நாளில் என் பெயருக்குக் கடிதம் வந்தது. "சும்மா போட்டு வெச்சேன்" என்று எல்லோரிடமும் புளுகினேன். படிப்பின் பெயரில் கம்ப்யூட்டர் இருந்ததே அப்பாவுக்குப் போதுமாக இருந்தது. பெரியம்மாதான், "சின்னவளுக்கும் ஒருவாட்டி பூக் கேட்டுப்போட்டு அனுப்பலாமில்லீங்க?" என்றாள்.

"அதெல்லாம் வேண்டியதில்லீங்க சித்தப்பா," என்று அக்கா என் அப்பாவிடம் சொன்னாள். "அவளுக்கு அன்னைக்கே உத்தரவு ஆயிருச்சுங்க."

எனக்காகப் பேசுகிறாளே பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூர் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது செய்தித்தாளில் சுற்றிய அந்த இரண்டு நோட்டையும் ஜன்னல் வழியாகத் தந்தாள். "தொலைச்சுப்போடாதே கண்ணு. நான் போகாட்டிப் போகுது, இதாவது போகட்டும்." ஈரோடு தாண்டிக் காவிரிப் பாலத்தில் வண்டி தடதடத்தபோது காகிதத்தைப் பிரித்தேன். இரண்டு நோட்டுக்கும் நடுவில் காய்ந்த வாழையிலைப் பொட்டலம் ஒன்று. நாரில் என் இரட்டை முடிச்சு இல்லை, ஒற்றை முடிச்சு. உள்ளே சருகாகிப் போன செவ்வரளி. அதன் மேல், காலையில்தான் பறித்திருக்க வேண்டும், வாடாத ஒரு வெள்ளரளி.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இவளால் மட்டும் இதெல்லாம் எப்படி முடிகிறது என்று அதே வயிற்றெரிச்சல்தான் வந்தது.