சாமைக் களத்தில் ஒரு வாக்கர்

இயன்முறை மருத்துவம் என்பது பெரும்பாலும் பிறர் வீட்டுத் தரையில் மண்டியிட்டுச் செய்யும் வேலை. என் முழங்கால்களைப் பற்றி இதே தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் இருமுறை ஆலங்காயத்தில் பேருந்து ஏறி மலைக்குப் போகிறேன். அங்கே ஐந்து வயது மலர், அவளை இடுப்பை விட்டு இறக்காத தாய் ராணி, தந்தை குப்பன். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது மலர் தன் காலால் வகுப்புக்குள் போக வேண்டும் என்பது அன்று அவர்கள் ஆசை.

எண்ணெய்

மலருக்கு மூளை முடக்குவாதம். நிற்க வைத்தால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். குறை காலில் இல்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அங்கிருந்து வரும் உத்தரவு தசைகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்தப் பாதிப்பு மறையாது, வளரவும் செய்யாது, ஆனால் பழக்கினால் உடல் கற்றுக்கொள்ளும் என்று விளக்கினேன். ராணியின் முகம் வாடியது.

"அப்போ இத்தினி நாளா காலுக்கு எண்ணெ தேச்சதெல்லாம் வீணாங்க?"

அதற்குள் மலர், ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்: "தலைக்குந்தான் தேச்சாங்க, மேடம்."

ஒரு சாண் கூடுதல்

நிற்கப் பழக, மார்பையும் இடுப்பையும் முழங்காலையும் அணைத்துப் பிடிக்கும் சட்டம் வேண்டும். நூலால் அளந்து கொடுத்தேன். குப்பன் பலாக்கட்டையில் அழகாகவே செய்திருந்தார். உள்ளே நிறுத்தினால் மலரின் கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பள்ளிச் சீருடை தைக்கும் கணக்கில் எல்லா அளவிலும் ஒரு சாண் கூட்டியிருந்தார். சட்டம் உடலோடு ஒட்டி இருந்தால்தான் பயன் என்றேன். அறுத்துக் குறைத்தார், அறுத்த துண்டுகளைப் பத்திரமாகப் பரண்மேல் வைத்தார்.

"வளர்ற புள்ளைங்க. அப்பால ஒட்டிக்கலாம்."

கோழிகள்

சட்டத்தில் நின்று பழகிய பின், தை மாதத்தில் பிடித்து நடக்க வாக்கர் வந்தது. சரிவும் கல்லுமான அந்த ஊரில் சமதளம் என்றால் சாணம் மெழுகிய களம் ஒன்றுதான். அங்கே பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் சாமை காய்ந்துகொண்டிருந்தது. முணுமுணுத்தபடியே நடுவில் ஒரு பாதை ஒதுக்கித் தந்தார். காலையில் நான்கு சுற்று, மாலையில் நான்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுமுறை போனபோது மலர் கணக்கில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். வாக்கரின் கடகட ஓசைக்கே சாமையைக் கொத்த வந்த கோழிகள் ஓடின. ஓடாத கோழிக்கு, வாக்கரைத் தூக்கித் தரையில் 'டக்'கென்று ஒரு தட்டு. ஒருநாள் ஓய்வு கொடுக்கலாமே என்றேன். காசியம்மாள் என்னை முறைத்தார்.

"இன்னாங்க மேடம், சாமெ காயற வரைக்கும் இவளுக்கு லீவு இல்லீங்க."

நிலைப்படி

ஜூன் வந்தது. பள்ளி வாசலிலிருந்து மலர் தடங்கலின்றி நடந்து, வகுப்பின் நிலைப்படியில் நின்றுவிட்டாள். படியேறும் பயிற்சியை நான் கொடுக்கவே இல்லை. களத்தில் ஏது படி? ராணியின் கைகள் தாமாக நீண்டன. குப்பன் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மலர் படியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு வாக்கரைத் தூக்கி, கோழிக்கு வைப்பது போலவே, படிக்கு அப்பால் 'டக்'கென்று வைத்தாள். ஒரு கால் போயிற்று. மறுகாலை இழுத்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ராணி இன்னும் கைகளை நீட்டியபடியே நின்றிருந்தார்.

"நீ வூட்டுக்குப் போம்மா. சாயந்தரம் வா."

இறுகிய தசையை இளக்க என்னிடம் பத்துப் பயிற்சிகள் உண்டு. ஒரு தாயின் நீட்டிய கைகளை மடக்க மட்டும் இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.