இத்தாவில் இருந்தபோது வந்த குரல்

மூன்று வருடத்துக்கு முந்திய மாரி காலம். கல்முனைக்குப் பக்கத்தில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில்தான் எங்கள் வீடு. அந்த மழைக்குள்தான் என் கணவர் மௌத்தானார். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு சந்தையில் மரக்கறி வியாபாரம். நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த ஒரு உழைப்பை நம்பித்தான் இருந்தோம்.

அதற்குக் கொஞ்ச காலம் முந்தித்தான் நான் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருந்தேன். வீட்டோடு இருக்கும் பெண்களுக்கென்று இலவசமாக நடந்த வகுப்பு. தமிழில் டைப் பண்ணப் பழக்கி, வீட்டிலிருந்தே உழைக்க வழி காட்டுவதாகச் சொன்னார்கள். படிக்கும் வரைக்கும் ஆளுக்கொரு லப்டொப் கையில் தருவார்கள். கடைசிச் சோதனையில் சித்தியடைந்தால் அது நமக்கே சொந்தம். இடையில் நின்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காத்திருக்கிற அடுத்த பெண்ணுக்கு அது போகும். என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிடுவதே கணவர்தான். "கம்ப்யூட்டர் மேடம் வாறாங்க" என்று பிள்ளைகளிடம் என்னைப் பகிடி பண்ணுவார்.

வகுப்பை நடத்தியவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு டீச்சர், தமிழ் இந்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளமை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அவரும் எங்களை எல்லாம் தாத்தா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பாடங்கள் அவருடையவை அல்ல. கொழும்பில் இருக்கும் ஒரு ஆண் ஆசிரியர், நாங்கள் சேர் என்போம், வீடியோவாகச் செய்து அனுப்பியவை. அதைப் பார்த்து நாங்கள் செய்ய, விளங்காத இடத்தில் டீச்சர் வந்து காட்டித் தருவார்.

கணவர் மௌத்தாகி மூன்றாம் நாள் டீச்சர் வகுப்புப் பெண்களோடு வீட்டுக்கு வந்தார். இனி என்னால் வர முடியாது, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா என்று வீட்டோடு இருக்க வேண்டும், வெளியே இறங்க முடியாது, லப்டொப்பைக் கொண்டு போங்கள் என்றேன். இத்தா என்றால் என்ன, அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு, லப்டொப் இங்கேயே இருக்கட்டும், வீட்டுக்குள் இருந்தே வீடியோவைப் பார்த்துப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் வந்து சொல்லித்தர அவருக்கும் வசதியில்லை. திருக்கோவில் வரைக்கும் ஊர் ஊராக வகுப்பு எடுப்பவர்.

மனம் கொஞ்சம் தேறியதும் லப்டொப்பைத் திறந்தேன். பிள்ளைகளின் படிப்பை நினைத்தால் திறக்காமலும் இருக்க முடியாது. கொழும்பு சேர் "வணக்கம்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அறை வாசலில் மாமி நின்றார். என் கணவரின் உம்மா. மகன் போனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

"என்ட மகன் மௌத்தாகி ஒரு மாசமாகல்ல. அதுக்குள்ள வேற ஆம்பிளட சத்தம் இந்த ஊட்டுக்குள்ள கேக்குது" என்றார்.

இத்தாவில் இருப்பவர் அந்நிய ஆண்களின் குரலைக் கேட்கவே கூடாது என்பது மாமியின் குடும்பத்தில் வழிவழியாக வந்த பழக்கம். மார்க்கத்தில் அப்படியொரு சட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். அதற்கும் மாமியிடம் பதில் இருந்தது. "காதுக்குள்ள கேட்டா அது ஆம்பிளட சத்தம் இல்லையா புள்ள?"

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த மனிசி பிள்ளைகளுக்குச் சோறு போடுமா என்றுகூட நினைத்தேன். ஆனால் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையைக் கபுருக்கு அனுப்பிவிட்டு, அவருடைய சாரத்தை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்த தாய் அவர். அவரோடு என்ன சண்டை பிடிப்பது? டீச்சருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். யாரையாவது அனுப்பி லப்டொப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

டீச்சர் "ரெண்டு மூணு நாள் பொறுங்க தாத்தா. லப்டொப்ப ஒருத்தருக்கும் குடுத்திடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிழமையே வகுப்புப் பெண் ஒருவர் ஒரு பென்டிரைவ் கொண்டு வந்து தந்தார். போட்டுப் பார்த்தேன். அதே பாடம்தான். ஆனால் சேரின் முகமும் இல்லை, குரலும் இல்லை. டீச்சர் தன்னுடைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து செய்து காட்டி, தன் குரலில் விளக்கிப் பதிவு செய்திருந்தார். பாடத்துக்கு இடையில் காகம் கத்தும், தூரத்தில் கோயில் மணி கேட்கும். ஒரு தடவை "பொறுங்க தாத்தா, சோறு பொங்குது" என்று எழும்பிப் போய்விட்டு வந்து தொடர்ந்தார். துக்கம் நிறைந்த அந்த அறைக்குள் இருந்துகொண்டு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இயர்போன் இல்லாமலே கேட்டேன். மாமி முதலில் வாசலில் நின்றார், பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கிழமைக்குக் கிழமை பென்டிரைவ் வந்தது. வரப் பிந்தினால், "டீச்சர்ட பாடம் இன்னம் வரல்லையா?" என்று மாமியே கேட்கத் தொடங்கினார். மவுஸ் எது, கீபோர்ட் எது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குரல் வீட்டுக்குள் கேட்டால் அவருக்கு ஒரு ஆறுதல். ஒருநாள் பாடத்தில் டீச்சரின் குரல் கரகரத்தது. "இந்தப் புள்ளைக்குத் தொண்ட கட்டிப் போயிருக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு" என்றவர், சொன்னதோடு நிற்காமல் கொத்தமல்லியையும் வேர்க்கொம்பு என்கிற சுக்கையும் தானே இடித்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அடுத்த பாடம் இப்படித் தொடங்கியது: "மாமிக்கிட்ட சொல்லுங்க தாத்தா, அவட கொத்தமல்லி குடிச்சிட்டுத்தான் கதைக்கன்." மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது.

இத்தா முடிவதற்கு முன்பே சோதனை வந்தது. நெட் வழியாக வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அன்றைக்கு மாமி கதிரையைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். மீன்காரன் ஹோன் அடித்ததற்கும் ஏச்சு விழுந்தது. நான் சித்தியடைந்தேன். லப்டொப் எனக்கே சொந்தமானது. இன்றைக்கு இந்தப் பக்கத்து டியூஷன் சேர்மார் பலர், கையால் எழுதிய பாடக் குறிப்புகளை, டியூட் என்பார்கள், வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நான் டைப் பண்ணிக் கொடுக்கிறேன். மூத்தவள் ஏலெவல் படிக்கிறாள், சின்னவள் டியூஷன் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் அடுப்பு எரிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இத்தா முடிந்து நான் முதன்முதலாக வெளியே போனது டீச்சரின் வீட்டுக்குத்தான். மாமியும் கூட வந்தார். பாடங்களைப் பதிவு செய்த அறையை டீச்சர் காட்டினார். தகரக் கூரை போட்ட சின்ன அறை. சத்தம் விழும் என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிப்பாட்டிவிட்டுத்தான் பேசினாராம். பகல் முழுக்க ஊர் ஊராக வகுப்பெடுத்துவிட்டு வந்து, அந்த வெக்கைக்குள் உட்கார்ந்து எனக்காக மறுபடியும் பாடம் எடுத்திருக்கிறார்.

மாமி பின்பக்கம் டீச்சரின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த நேரம் மெதுவாகக் கேட்டேன். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று ஒரு மௌலவியைக் கொண்டு மாமியிடம் சொல்ல வைத்திருக்கலாமே, எதற்கு இவ்வளவு பாடு என்று.

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தார். "அது மகனப் பறிகுடுத்த தாய். அவவோட போய் நான் சரி பிழை கதைக்கேலுமா? என்ட வாய் சும்மாதானே கிடந்தது, கதைச்சன்" என்றார்.

எனக்குத் தொழிலைப் படித்துத் தந்தவர் என்று அவரை ஊரெல்லாம் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு தொழுகையிலும் நான் அவருக்காகக் கையேந்துவது, முன்பின் பழகாத ஒரு தாயின் துக்கத்துக்கு இடம்விட்டு எனக்குப் படிப்பித்தாரே, அந்த மனசை நினைத்துத்தான்.