ஏழாம் நம்பர் மலைக்குப் போட்ட கழிவுத்தூள்

மலையில் பரப்பிய தேயிலைக் கழிவுத்தூளை மறுநாள் காலையில் காணோம். நான் மலை வேலையை மேற்பார்க்கும் சின்னக் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வேலை நிரந்தரமாகவில்லை.

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டம். உரம் போட்ட கையோடு மழை வரும். உரம் மழைத்தண்ணீர் ஓடும் கானில் இறங்கி ஓடைக்குப் போகும். ஓடையில் பச்சைப் பாசி படரும், குளிக்கப் போகிற பெண்கள் வழுக்கி விழுவார்கள். கீழ்க் கிராமத்துக்காரர்களும் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் முறையிட்டிருந்தார்கள். கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் குச்சி, நார், தரையில் கூட்டிய தூள் எல்லாவற்றையும் செடிகளுக்கு இடையில் பரப்பினால், அது உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று துரையிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்ததை எங்காவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துரை சிங்களவர். அவருடைய தமிழில் கட்டளை மட்டும்தான் உண்டு.

"ஏழாம் நம்பர் மலை எடு. போட்டுப் பாரு. இந்த மழைக்கும் ஓடை பச்சை வந்தா, நீ வேற தோட்டம் தேடு."

பிற்பகல் முழுக்க ஆள் வைத்துப் பரப்பினேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து போய்ப் பார்த்தால், தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. குச்சி மட்டும் அங்கங்கே சிறு சிறு குவியலாகக் கிடந்தது.

கூட வந்த கங்காணி முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு, "காத்துங்க ஐயா" என்றார்.

"காத்து சொளகு வச்சுப் புடைக்குமா கங்காணி?"

"இந்தப் பக்கத்துக் காத்து கொஞ்சம் வெவரமானதுங்க."

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் செடிக்குள் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன்.

அன்று மாலை தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டில் அம்மா பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தார். சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம். அதனால் உள்ளங்கையில் கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு. தண்ணி நல்ல சிவப்பு, நல்ல மணம்.

"நல்லாருக்கேம்மா. தூள் ஏது?"

"ஒன் காத்துதான் கொண்டாந்துச்சு" என்றார் அம்மா. "குடி, ஆறிப்போகுது. நாள் பூரா கொழுந்து எடுக்குறோம். வீட்டுக்கு ஒரு பிடி தூளுக்கு வழியில்ல. நீ என்னடான்னா மண்ணுக்குக் கொட்டுற."

கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தேன்.

மறுநாள் துரையிடம் உள்ளதைச் சொன்னேன். கழிவுத்தூளை வெளியே கொண்டுபோவது குற்றம். யார் வீடு என்று கேட்டால் என் வீட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"கழிவு குடிக்கிறாங்களா?" என்றார் துரை.

"நல்லா இருக்குங்க சார். நானும் குடிச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னேன். ஸ்டோரிலேயே சலித்துவிடலாம். தூள் லயத்துக்கு, குச்சியும் நாரும் சாம்பலோடு கலந்து மலைக்கு. ஒரு கூடை மலைக்குச் சுமந்தால் வீட்டுக்கு ஒரு டின் தூள்.

"செய். ஆனா ஓடை மறக்காதே."

அதற்குப் பிறகு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கூடை அவ்வளவு வேகமாக மலை ஏறி நான் பார்த்ததில்லை. ஒரு குச்சி கானில் விழுந்தாலும், "ஏய், ஐயாவோட வேலை கான்ல போகுது, பொறுக்கு" என்று பெண்களே ஒருவரையொருவர் அதட்டினார்கள்.

உரம் போட்டோம். மழை அடித்துப் பெய்தது. சில வாரம் பொறுத்துத் துரை ஓடைக்கு வந்து, கைத்தடியைக் குளிக்கும் பாறையில் அழுத்தித் தேய்த்தார். தடி வழுக்கவில்லை. தூக்கி நுனியைப் பார்த்தார். முன்பு கொத்தாக ஒட்டும் பாசி, இப்போது நூல் மாதிரி ஒன்றிரண்டு.

"நீ இங்கேயே இரு" என்றார். என் நிரந்தர உத்தரவு அதுதான். காகிதம் பிறகு வந்தது.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எதையும் கழிவு என்று மண்ணில் கொட்டுவதற்கு முன்னால், லயத்துப் பக்கம் போய் ஒரு வாய் சாயத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.