உலையருகே ஒரு கைக்கண்ணாடி

அக்கா கரண்டியை உலையின் விளிம்பில் வைத்துச் சூடேற்றி, அதன்மேல் கைக்கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடிக்கிறார். லேசாக ஆவி படர்ந்தாலும் கரண்டி மறுபடி விளிம்புக்கே போகும். "இன்னும் காயல. என்ன அவசரம், பஸ்ஸா போயிடப்போகுது?" என்று கரண்டியிடமே கேட்கிறார்.

காந்தத்தை அரைக்கும்போது மிஞ்சுகிறதென்று காந்த ஆலைகள் தள்ளிய சேற்றை வறுத்துப் பொடியாக்கி இங்கே அனுப்புகிறார்கள். உருகித் தளதளக்கும் உப்பில் அதைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால், உலோகம் பிரிந்து அடியில் தங்கும். பக்கத்து அறையில் அதை எடை போடுவது என் வேலை.

அந்த உப்புக்கு ஈரமே ஆகாது. ஒரு சொட்டு விழுந்தாலும் வெடித்துச் சிதறும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த மேலாளரையே, "ஜலதோஷத்த வெளிய விட்டுட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியவர் அக்கா. வேறு யாராவது உலையில் கிளறுகோலை இறக்கினால், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்விடுவார். "கண்ணாடி பார்த்தாச்சுதான். அதுக்காக உப்புக்கிட்ட எழுதியா வாங்கியிருக்கோம்?"

இந்தக் கண்ணாடி வந்ததே அவர் கணவரால்தான். அவரும் இதே உலைக்காரர். சுத்தம் என்றால் உயிர். ஒருநாள் கிளறுகோல் அழுக்காக இருக்கிறதே என்று கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். குழாயான அதன் உட்புறம் காயவில்லை. உப்பு சீறிப் பாய்ந்து அக்காவின் முழங்கையைப் பொசுக்கியது. கணவர்மேல் ஒரு பொறிகூடப் படவில்லை.

அன்றிலிருந்து மனிதர் உலைப்பக்கமே வரவில்லை. கொட்டகையில் காந்தத்துண்டு பொறுக்குகிறார். "அவருக்கே பட்டிருந்தா ஆறியிருப்பாரு. எனக்குப் பட்டதுல சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறாரு" என்றார் அக்கா.

இன்றும் அவர் உலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். வந்தார். கோலை வெகுநேரம் காயவைத்து அக்காவிடம் நீட்டினார்.

"நீயே உள்ள இறக்கு. எனக்குக் கை உதறுது."

"உதறட்டும். கோல் காஞ்சிருக்கா, அதப் பாப்போம்."

கோலின் குழாய் வாயில் பிடித்த கண்ணாடி தெளிவாகவே இருந்தது. அக்கா கோலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அவர், நீளக் கையுறைக்குள் மறைந்திருந்த அக்காவின் முழங்கையையே பார்த்தார்.

"அப்ப நீ கோட்டுக்குப் பின்னால போ."

அக்கா கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். மஞ்சள் கோட்டைத் தாண்டி முன்னே வந்து, தழும்புள்ள கை அவர் பக்கம் இருக்கும்படி, ஒட்டி நின்றுகொண்டார்.