வெயிலும் ஆகாத, அருவியும் ஆகாத மாப்பிள்ளை

எங்கள் தெருவில் ஜாஹிரா பீவியிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. உண்மையைச் சொல்லித் தப்பிப்பது அதைவிடக் கஷ்டம். மீன்காரர் "இன்னைக்குப் பிடிச்சது" என்றால், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எந்த இன்னைக்கு என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தால் வேறு மிஷினில் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வாள். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வாசல்படி ஏறவிட மாட்டாள். பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு வருஷக்கணக்காக அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

அவள் புருஷன் அகமது கபீர் வளைகுடாவில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை பார்த்தார். வெறும் வெயில் என்றால்கூடப் பரவாயில்லை. அது கடலோர ஊர். காற்று முழுக்க ஈரம். வியர்வை காயாது, சட்டை நுனியில் சொட்டிக்கொண்டே இருக்கும். மூத்திரம் போக வேண்டும் என்றால் பல மாடி இறங்கி வர வேண்டும், இறங்கினால் போர்மேன் கத்துவான். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக் குடித்தார். சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை. இப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியாக லீவில் வந்தபோது மனுஷன் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தார். மே மாதப் புழுக்கத்தில், தென்காசியில், வீட்டுக்குள் சாக்ஸ்! கேட்டால் பித்தவெடிப்பு என்றார். தூங்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜாஹிராவுக்கு உடனே பட்டது ஒன்றே ஒன்றுதான், அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று. அந்த லீவு பூராவும் சண்டை. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் தூக்கம் கிடையாது. ஒருநாள் ஆத்திரத்தில் அந்தச் சாக்ஸை உருவி எறிந்தாள். கால் வீங்கிக் கிடந்தது, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது.

திருநெல்வேலி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். காலமெல்லாம் வேர்க்க வேர்க்க வேலை, தண்ணீர் குறைவு, போதாததற்கு வலி மாத்திரை, கிட்னி எத்தனை நாள்தான் தாங்கும் என்று. டயாலிசிஸுக்குப் போய்வந்து கொண்டிருந்தவர் அடுத்த நோன்புக்குள் மவுத்தாகி, கண்ணை மூடிவிட்டார். வேறு ஒருத்தியாவது, மண்ணாவது. ஆனால் ஜாஹிரா இதிலிருந்து படித்த பாடம் என்ன தெரியுமா? தப்பாகச் சந்தேகப்பட்டோம் என்றல்ல. போதுமான அளவு சந்தேகப்படவில்லை என்று.

இந்த லட்சணத்தில் அவளுடைய ஒரே மகள் ஃபாயிஸாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். வெயிலில் நிற்கிற வேலை பார்ப்பவன் எவனும் வேண்டாம் என்று எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவிட்டாள் ஜாஹிரா. மேலகரத்திலிருந்து ஹம்தான் என்ற பையன் வந்தான். வளைகுடாவில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் சூப்பர்வைசர், முழுக்க ஏசியில்தான் வேலை என்றார்கள். மே மாதம் லீவில் வந்து இறங்கியதும் பெண் பார்த்துவிட்டுப் போனான். நல்ல உயரம், அடக்கமான பேச்சு. ஃபாயிஸா தலையாட்டினாள். ஜாஹிராகூடக் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரமே மேலகரத்தில் ஒரு கல்யாண விருந்து. தகரக் கூரை மண்டபம். சாரல் இன்னும் தொடங்கவில்லை, காற்று நின்றுபோய் மேகம் மட்டும் மூடிக்கொண்டு நிற்கிற நாள். சொந்தக்காரப் பையன்களோடு ஹம்தானும் பிரியாணி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினான். மூன்றாவது பந்தியில் வாளியோடு அப்படியே உட்கார்ந்தான், வாந்தி எடுத்தான், கண் செருகிவிட்டது. விசிறி, தண்ணீர் என்று ஆண்கள் ஓடியாடி முடிப்பதற்குள் நானும் ஜாஹிராவும் உட்கார்ந்திருந்த பெண்கள் பந்திக்கு விஷயம் வந்து சேர்ந்துவிட்டது.

"வளைகுடா வெயிலத் தாங்குனவன் மேலகரத்துல மயங்கி விழுதானாம்!" என்று யாரோ சிரித்தார்கள்.

ஜாஹிரா சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டாள்.

"இதுல என்னமோ இருக்கு" என்றாள் என்னிடம். "ஏசியில வேலன்னாலும் அந்த ஊரு வெயிலு படாமலா இருக்கும்? அவனுக்கு இந்தப் புழுக்கம் எந்த மூலைக்கு? குடிச்சிருக்கானா, வலிப்பா, இல்ல…"

அந்த 'இல்ல'வை அவள் முடிக்கவில்லை. அவள் மனதில் வீங்கிய இரண்டு கால்கள் இருந்தன என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் எனக்கும் அவள்மேல் இரக்கம்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு நலம் விசாரிக்கிற சாக்கில் மேலகரம் போனாள். மதியம் லுஹர் தொழுகை நேரத்துக்குப் போனவள் சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. பையனின் கணுக்காலைப் பார்த்தாள், வீக்கம் இல்லை. தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாள், சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். எத்தனை தடவை பாத்ரூம் போகிறான் என்று பார்த்தாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு போகாமலேயே அடக்கிக்கொண்டு இருந்தான் போலும், அதுவும் சந்தேகமாகிவிட்டது. கடைசியில் அவன் தட்டை நீட்டியபோது கையைப் பார்த்துவிட்டாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, வெடித்து, காய்ப்புக் காய்ச்சிப் போயிருந்தது.

"சூப்பர்வைசர் கையா அது? மூட்ட தூக்குத கையி" என்றாள் வந்ததும் வராததுமாக.

அவளுடைய தம்பி துல்கர்னைன் வளைகுடாவில் ஹம்தான் இருக்கிற அதே ஊரில்தான் டிரைவராக இருக்கிறான். அவனைப் போனில் பிடித்து, அந்தக் கடைக்கே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவன் வெள்ளிக்கிழமை போய் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டான். "அப்படி ஒரு சூப்பர்வைசரே இங்கன கெடையாதுக்கா. எவனுக்கும் அந்தப் பேரே தெரியல."

அவ்வளவுதான். சம்பந்தம் முறிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் ஜாஹிரா சத்தம் காட்டவில்லை. கையும் களவுமாகப் பிடித்து, முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் முறிப்பாளாம். அதுவரை ஃபாயிஸாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

ஜூன் பிறந்தது. மலையில் மழை விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. ஹம்தானின் உம்மா ஹைருன் பீவி போன் போட்டு, "மைனி, எல்லாருமா ஒருநா குளிச்சிட்டு வருவோம்" என்று கூப்பிட்டாள். ஜாஹிரா உடனே சரி என்றாள். ஃபாயிஸாவை வீட்டில் விட்டுவிட்டுச் சாட்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டாள்.

மெயின் அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் நானும் ஹைருனும் தலையைக் கொடுத்துவிட்டு உலகத்தையே மறந்து நின்றோம். ஜாஹிரா மட்டும் பேருக்கு நனைந்துவிட்டு வெளியே போய்விட்டாள். நாங்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், படிக்கட்டில் ஹம்தான் உட்கார்ந்திருக்கிறான். தம்பிமார்கள் எல்லாம் அருவியில் கிடக்க, இவன் துணி மூட்டைகளுக்குக் காவல். ஒரு சொட்டு நனையவில்லை. சாரலுக்கே துண்டைக் காதோடு இறுக்கிப் போர்த்தியிருந்தான். அவன் எதிரில் ஜாஹிரா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ தம்பி, வெயிலும் ஒனக்கு ஆகாது, அருவித் தண்ணியும் ஆகாது. பின்ன என்னதான் ஒனக்கு ஆகும்? உள்ளதச் சொல்லு. நீ அங்கன என்ன வேல பாக்க?"

ஹைருன் குறுக்கே வரப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான்.

"உம்மா, நீங்க சும்மா இருங்க. மாமி, நான் சூப்பர்வைசர் இல்ல. அந்தக் கடைக்கு ஊருக்கு வெளிய ஒரு குடோன் உண்டு. அதுல ஐஸ் ரூம். கறி, கோழி, மீனெல்லாம் பாறையா ஒறஞ்சு கெடக்கும். மைனஸ் பதினெட்டு டிகிரி. கோட்டு, பூட்ஸு மாட்டிக்கிட்டு உள்ள பெட்டி அடுக்குதேன். போயி ஆறு வருசம் ஆச்சு. அதான் தண்ணி சில்லுன்னு பட்டாலே எனக்கு வெறுத்துப் போவுது."

"அங்கன வெயிலே கெடையாதா?"

"எங்க மாமி பாக்கேன்? ஐஸ் ரூம விட்டா ஏசி வண்டி, வண்டிய விட்டா ஏசி ரூம். டாக்டரு சொன்னாரு, ஒடம்பு வெயிலயே மறந்துட்டுதாம். வேர்த்தா மட்டும் போதாதாம், அது காஞ்சாத்தான் சூடு எறங்குமாம். இங்கன மே மாசம் எங்க காயுது? வந்ததும் வராததுமா அந்தத் தகரத்துக்கு அடியில நின்னு பரிமாறுனதுதான் தப்பு. ஒடம்பு பழக ரெண்டு வாரமாவது பொறுக்கணுமாம். இப்பம் பழகிட்டு. காலையில தெனமும் நடக்கேன், ஒண்ணும் செய்யல."

ஹைருன் பீவிக்கு அழுகை வந்துவிட்டது. "பெட்டி தூக்குதவன்னா பொண்ணு தரமாட்டீங்கன்னு நாந்தான் மைனி அப்படிச் சொன்னேன். அவன் மொதல்ல இருந்தே வேண்டாம்னுதான் சொன்னான்."

ஜாஹிராவின் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்புகிறாளா, மனதுக்குள் அடுத்த கேள்வியைத் தேடுகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

"ஃபாயிஸாவுக்கு எல்லாம் தெரியும் மாமி."

ஈரத் துணியைப் பிழியாமல்கூடப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள் ஜாஹிரா. நானும் பின்னாலேயே ஓடி ஏறினேன்.

வீட்டில் ஃபாயிஸா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அவன் ஐஸ் ரூம்ல பெட்டி தூக்குதான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் உம்மா. பாத்துட்டுப் போன மறுநாளே போன்ல சொல்லிட்டாரு." மடிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவை நேராகப் பார்த்தாள். "நானும் ஒண்ணு சொன்னேன். கிட்னிக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அதுக்கப்புறம்தான் என் முடிவச் சொல்லுவேன்னு. முகம் சுளிக்காம எடுத்தாரு. நல்லா இருக்கு."

கணுக்காலைப் பார்த்து, சொம்பைப் பார்த்து, கடல் தாண்டி ஆள் அனுப்பி ஜாஹிரா தேடிக்கொண்டிருந்ததை, மகள் ஒரு வார்த்தையில் நேராகக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஆனாலும் ஜாஹிரா ஜாஹிராதானே.

"எந்த லேபு?" என்றாள்.

ஃபாயிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"இதுக்குத்தான் ஒங்ககிட்ட சொல்லல உம்மா. வாப்பா கால எதுக்கு மறைச்சாங்கன்னு நெனைக்கீங்க? அவுகளுக்கு நோவுக்குக்கூடப் பயமில்ல. இது எப்பம் வந்துச்சு, ஏன் அப்பமே சொல்லல, வேற என்னத்த மறைக்கீங்கன்னு நீங்க கேப்பீங்களே, அதுக்குத்தான் பயம். இவரு எனக்குப் பயப்படக் கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக எனக்குச் சொல்ல வாய் வராததை இந்தப் பெண் துணி மடிக்கிற இடத்தில் சொல்லிவிட்டாள். ஜாஹிரா கட்டிலில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், வெகுநேரம் அழுதாள். கபீர் மவுத்தான அன்றுகூட டாக்டரிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றவள் அவள். அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஃபாயிஸா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள்.

அழுது ஓய்ந்த பிறகு ஜாஹிரா நிமிர்ந்தாள். ஊரெல்லாம் விசாரித்தவள், மகளிடம் மட்டும் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஒனக்கு அவனப் பிடிச்சிருக்காட்டி?"

"பிடிச்சிருக்கு உம்மா."

ஜாஹிரா மறுகேள்வி கேட்கவில்லை.