சும்மா ஒரு கையெழுத்து

வணிக மேலாண்மைத் துறை அலுவலகத்தில் மூன்றாவது மேசைக்குப் போன மாணவர் யாரும் இருபது நிமிடத்துக்கு முன்னால் எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. நான்கு புள்ளிக் கணக்கில் மதிப்பெண் சராசரி மூன்றுக்குக் கீழே இறங்கியவர்களுக்கான எச்சரிக்கைக் கடிதம் அங்கேதான் கிடைக்கும். அந்த மேசை அம்மாள் அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் வாய்விட்டுப் படிப்பாள். "நானே படிச்சுக்கறேன் மேடம்" என்று கையை நீட்டினால் தரமாட்டாள்.

"உக்காரு. முழுசா கேளு."

படித்து முடித்துப் பின்பக்கத்தைத் திருப்புவாள். அதுவும் முடிந்ததும் கேள்வி வேறு. "ஆறாவது வாரத்துக்குள்ள என்ன செய்யலாம்னு சொன்னேன்? எங்கே, சொல்லு பாக்கலாம்." எம்.பி.ஏ. படிக்கிற தடிப்பயல்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிப்பார்கள். வெளியே வந்ததும், "அப்பா, என்னா அறுவை!" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்பு வரை இதே அம்மாளுக்குப் பெயர் "சும்மாக்கா" என்று சொன்னால் அவர்கள் நம்பவே மாட்டார்கள்.

இருபத்துமூன்று வயதில் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். வந்த முதல் வருடமே ஒரு பெண்ணிடம் எச்சரிக்கைக் கடிதத்தைக் கொடுக்க, அந்தப் பெண் நின்றபடியே படித்து, நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, விசிறி, அழுகையை அடக்கி அனுப்புவதற்குள் இவளுக்கே உயிர் போய் வந்தது. அன்றைக்கு முடிவு கட்டினாள், இனி யாரையும் பயமுறுத்துவதில்லை என்று. அடுத்து வந்தவனிடம் கடிதத்தை மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி நீட்டினாள். "ஒண்ணும் இல்லப்பா. சும்மா ஒரு கையெழுத்து. அடுத்த பருவத்துல நல்லாப் படிச்சா சரியாப் போயிடும்."

பயல் சிரித்துக்கொண்டே போனான். நன்றாகவும் படித்தான். அப்புறம் கேட்க வேண்டுமா, அதுவே பழக்கமாயிற்று. பட்டப்பெயரும் வந்தது. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். வீட்டில் கணவரிடம் சொல்லிக்கொள்வாள். "கொஞ்சம் வெண்ணெய் தடவிச் சொன்னா என்ன குறைஞ்சு போகுது?" அவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர். "எங்க வேலையில வெண்ணெய் தடவினா வண்டி நிக்காது" என்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. தட்டச்சு செய்தவளே அவள்தானே. சனிக்கிழமை காலையில் புள்ளியியலுக்கு இலவசப் பயிற்சி உண்டு. பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். முடியாத பாடத்தை ஆறாவது வாரத்துக்குள் கைவிட்டால் அது சராசரியில் சேராது. இரண்டாவது தடவையும் மூன்றைத் தொடாவிட்டால் நீக்கம். எல்லாவற்றுக்கும் கீழே, "முழுவதும் விளக்கப்பட்டது" என்ற வரி. அதன்கீழ் மாணவர் கையெழுத்து ஒன்று, அவள் கையெழுத்து ஒன்று.

அந்த வருடம் மாலை வகுப்பில் ஒருவர் சேர்ந்திருந்தார். பிளாஸ்டிக் பாட்டில் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர், நாற்பத்தொரு வயது. வகுப்பில் உள்ளதுகள் எல்லாம் அவர் அக்கா பிள்ளை வயது. "பாட்டில்காரர்" என்றே கூப்பிட்டன. அவரும் கோபிக்க மாட்டார். கழுத்தில் தொழிற்சாலை அட்டையைக் கழற்ற மறந்து அப்படியே வருவார். படிப்பு முடிந்தால் ஆலை மேலாளர் பதவி அவருக்குத்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பதினெட்டு வருடம் அந்த இயந்திரச் சத்தத்துக்குள் நின்றவர். முதல் பருவத்தில் அவருடைய சராசரி 2.8.

"என்னக்கா, பயப்படணுமா?" என்று கேட்டார்.

"அட, நீங்க வேற தம்பி! சும்மா ஒரு கையெழுத்து."

போட்டார். அவளும் போட்டாள். காகிதம் கோப்புக்குள் போயிற்று.

மனிதர் அடுத்த பருவத்தில் மூன்று பாடங்களை எடுத்தார். புள்ளியியல் விளங்கவில்லை. சனிக்கிழமைப் பயிற்சி இருப்பதே தெரியாமல், மதிய இடைவேளையில் சாப்பாட்டுத் தூக்கைத் தள்ளிவைத்துவிட்டுத் தானாகவே கணக்கோடு மல்லுக்கட்டினார். ஆறாவது வாரம் வந்தது, போயிற்று. முடிவில் சராசரி 2.94. அந்த ஒரு பாடத்தை மட்டும் கைவிட்டிருந்தால் மூன்றைத் தாண்டியிருக்கும். அவளே காகிதத்தில் போட்டுப் பார்த்தாள், இரண்டு தடவை.

அவர் வந்து நின்றபோது கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏதோ பயிற்சி இருந்துச்சாமே அக்கா? பாடத்தை விட்டிருக்கலாமாமே? பசங்க சொன்னாங்க. நீங்க சும்மான்னு சொன்னதால நான் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பாக்கல."

அவள் கோப்பை எடுத்துக் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம்! ஆனால் ஒரு வழி இருந்தது. உதவிகள் சரியாகச் சொல்லப்படவில்லை என்று தெரிந்தால் மேல்முறையீட்டுக் குழு இன்னொரு பருவம் தரலாம். விதியில் அப்படியே இருக்கிறது.

"மேல்முறையீடு எழுதுங்க தம்பி. நான் சொல்லலன்னு எழுதுங்க. நானே வந்து ஒத்துக்கறேன். இது என் தப்பு."

"உங்களுக்கு ஏதாவது ஆயிடாதே?"

"என்னை என்ன தூக்குலயா போடப் போறாங்க? எழுதுங்க."

அவர் எழுதினார். ஆனால் அவள் பெயரை இழுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. "எனக்குச் சரியாகப் புரியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்.

குழுவில் ஐந்து பேர். நடுவில் துறைத்தலைவர், எதிரே பாட்டில்காரரும் அவளும். துறைத்தலைவரும் கெட்டவர் இல்லை. காகிதத்தை மட்டுமே நம்புகிற மனிதர், அவ்வளவுதான். கோப்பை அவள் பக்கம் திருப்பி விரலை வைத்தார்.

"முழுவதும் விளக்கப்பட்டதுன்னு போட்டு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. விளக்கினீங்களா, இல்ல எல்லாருக்கும் சும்மாவே போட்டுட்டு இருக்கீங்களா?"

எல்லாருக்கும். அந்த ஒரு சொல்தான் அவளைக் கவிழ்த்தது. இருபத்தைந்து வருடக் கோப்புகளும் அலமாரியோடு சரிந்து தலையில் விழுந்த மாதிரி இருந்தது. ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம். ஐந்து பேரும் பார்க்கிறார்கள். வாசலிலிருந்து மனத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"விளக்கினேன் சார்" என்றாள்.

பாட்டில்காரர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. ஆச்சரியம்தான் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று துறைத்தலைவர் அவரிடம் கேட்டார்.

"அக்கா சொல்லியிருப்பாங்க சார். நான்தான் சரியா கேக்கல."

முடிந்தது. அவள் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். குழு அறை எட்டடி தூரம்தான். கதவும் திறந்துதான் இருந்தது. எழுந்து போய், "சார், பொய் சொல்லிட்டேன்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. அவர்கள் தேநீர் குடித்து, பேசி, சிரித்து, ஒவ்வொருவராகக் கிளம்புகிற வரைக்கும் அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அவள் கணவரிடம் சொல்லாத விஷயம் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

நீக்கக் கடிதத்தையும் அவள்தான் கொடுக்க வேண்டும். அதற்கு வேறு மேசை கிடையாது.

மறுநாள் மாலை அவர் வந்தார். தொழிற்சாலை அட்டை கழுத்திலேயே இருந்தது. கல்லூரி அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் கடிதத்தை மடிக்கவில்லை. முழுசாக விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற வரி நான்காவதாக இருந்தது. அதையாவது அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்று பார்த்தாள். மூன்றாவது வரியிலேயே குரல் உடைந்துவிட்டது.

அவர் குனிந்து, அவள் கையிலிருந்து கடிதத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். பேனாவையும் அவரே எடுத்தார்.

"விடுங்கக்கா, எதுக்கு சிரமப்படறீங்க? சும்மா ஒரு கையெழுத்துதானே."

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அவளைத் தேற்றத்தான் சொன்னார். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார்.