குடத்துக்குச் செய்த சத்தியம்

1. ஞாயிறு காலை

“உபதேசியாரே, புள்ள தலமேல கை வெச்சு சத்தியம் பண்ணிட்டு ஓட்ட மாத்திப் போட்டா, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?”

வழிபாடு முடிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டது லூர்துமேரி. இடுப்பில் அவளுடைய மூன்று வயது மகன், மூச்சிரைப்புக்காரன். அவள் வீடு கல் குவாரிக்கு நேர் எதிரே இருக்கிறது. வெடி வைத்தால் சுவர் விரியும், புழுதி சோற்றில் விழும்.

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் எட்டிப் பார்க்க முடிகிற கிராமங்களில் ஜெபம் நடத்தி, ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நிற்கிற ஆள்தான் நாம். பாலக்கோட்டைச் சுற்றி இந்த வேலையைப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். பெயர் ஒன்றும் பொய்யில்லை.

அப்போது உள்ளாட்சித் தேர்தல். குவாரிக்காரர் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். அவருடைய ஆட்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. கிறிஸ்தவர் தெரு என்பதால் கையோடு ஒரு வேதாகமமும் கொண்டுவந்து, ஓட்டு குவாரிக்காரருக்கே என்று ஒவ்வொரு பெண்ணையும் அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார்கள். லூர்துமேரி தயங்கியிருக்கிறாள். “கொழந்த தலமேலயும் ஒரு கைய வெச்சிரு தாயி” என்று சொல்லி வைக்கவும் வைத்துவிட்டார்கள்.

எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேற்று மதத்துக்காரர். ஜெயித்தால் முதல் கிராமசபையிலேயே குவாரிக்கு எதிராகத் தீர்மானம் போடுவேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று லூர்துமேரி அளவுக்கு ஆசைப்பட்டவர் யாருமில்லை. ஆனால் அவள் கை கட்டப்பட்டிருந்தது.

2. என் பாடம் என்மேலேயே

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதெல்லாம் ஒரு சத்தியமா, தூக்கிக் குப்பையில் போடு என்று கத்தினேன். வீட்டுக்குக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பி வந்து கூடிவிட்டார்கள். தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியத்துக்குத் தலைவி சரோஜா. அவள்தான் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க, ஆண்டவர் பேர வீணாச் சொல்லக்கூடாதுன்னு. இப்ப வேதத்துல கை வெச்சத மீறுன்னா எப்படிங்க?”

நான் சொல்லிக் கொடுத்த கட்டளைதான், மறுக்க முடியுமா? கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புரிந்தது. எல்லோரையும் பாயில் உட்காரச் சொன்னேன்.

உபதேசியார் பயிற்சியில் அறநெறி இறையியல் என்று ஒரு பாடம் உண்டு. படிக்கும்போது கொட்டாவி விட்டவன்தான் நான். தீமைக்குத் துணைபோவதாகக் கொடுத்த வாக்கு யாரையும் கட்டாது, கொடுத்ததுதான் பிழை, மீறுவதல்ல என்று அதில் படித்தது அன்று பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஆனால் இதைப் புத்தகத் தமிழில் ஒப்பித்தால் எங்கள் தெருவில் யார் காதில் ஏறும்? சரோஜாவையே கேட்டேன். வரப்புத் தகராறில் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சிலுவை முன்னால் சத்தியம் செய்தவள் அவள். பிறகு அண்ணன் குழந்தைமேல் கொதிக்கிற தண்ணீர் கொட்டியபோது முதல் ஆளாக ஓடி, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவளும் அவளேதான். ஊருக்கே தெரிந்த கதை. அன்றைக்குச் சத்தியத்தை மீறினாயே, பாவமா என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. “போவாம வூட்டுல குந்தியிருந்தாத்தானுங்க பாவம்” என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

பாயில் சலசலப்பு கிளம்பியது. ஆளாளுக்குப் பேசினார்கள். ஓட்டு என் ஒருத்தி சொத்தா, அடுத்த வீட்டுச் சுவர் விரிவதும் அதில்தானே இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். நம்முடையதாக மட்டும் இல்லாததை ஒரு குடத்துக்கு எப்படி விற்பது என்றாள் இன்னொருத்தி. பொது நன்மை என்று பயிற்சியில் பக்கம் பக்கமாகப் படித்தது கண்முன்னால் பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளிக் குதிக்காத குறைதான்.

லூர்துமேரி மட்டும் அசையவில்லை. “அவங்க சொல்றதெல்லாம் சரிங்க. நான் எம் புள்ள தலமேல வெச்சுட்டனே” என்றாள்.

குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுவது எல்லோருக்கும் கேட்டது.

“ஏம்மா மேரி, ஓட்ட மாத்திப் போட்டதுக்குப் பச்சப் புள்ளைய அடிக்கிறவன் ரவுடி. அவன் கடவுள் இல்ல. நாம கும்புடறது ரவுடியவா?” என்று கேட்டேன்.

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வடிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு எழுந்து, அந்தக் குடம் இனிமேல் என் வீட்டில் இருக்காது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

3. குவாரிக்காரர் வீட்டு வாசல்

அவள் பின்னால் சரோஜா. சரோஜா பின்னால் தெருவே. வெயிலில் பளபளக்கும் வெறுங்குடங்களோடு பெண்கள் மெயின் ரோட்டில் நடக்க, மார்க்கெட்டுக்குப் போன தக்காளி வண்டிகள் ஓரங்கட்டி நின்று வேடிக்கை பார்த்தன. நான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தப் பெருநாளிலும் கண்டதில்லை.

குவாரிக்காரர் வெளியே வந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையா என்று கேட்டார். லூர்துமேரி குடத்தை வாசற்படியில் வைத்தாள்.

“குடம் உங்களுதுங்க. சத்தியத்தையும் சேத்து எடுத்துக்கங்க.”

அவர் என்னைப் பார்த்தார். உபதேசியார் உபதேசத்தோடு நிற்க வேண்டும், அரசியலில் மதத்தைக் கலக்கக் கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேதத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்க வந்தது உங்கள் ஆட்கள்தான், நாங்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறோம் என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு நிஜமான சோதனை வந்தது. நீங்கள் யாரைச் சொல்கிறீர்களோ அவருக்கே போடுகிறோம் என்று பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்டக்டர் பெயர் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் தெருவே போட்டுவிடும். சொல்லிவிட்டால் எனக்கும் குடம் கொடுத்தவருக்கும் என்ன வித்தியாசம்? அவரவர் மனசாட்சியைக் கேளுங்கள் என்று சொல்லி மொபெட்டைக் கிளப்பிவிட்டேன். சரோஜாவுக்குக் கோபம். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை, கெடுத்துவிட்டோமோ என்று ஒரே தவிப்பு.

குவாரிக்காரர் தோற்றார். எங்கள் தெரு ஓட்டால்தானா, தெரியாது. கண்டக்டர் சொன்னபடி தீர்மானம் போட்டார், கலெக்டர் ஆபீசுக்கு மனு போனது. வெடிச் சத்தம் குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து லூர்துமேரியை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். குழந்தையை டாக்டரிடம் காட்டக் கிளம்பியிருந்தாள். எனக்கு நாக்கு அரிப்புத் தாங்கவில்லை. தேர்தல்தான் முடிந்துவிட்டதே, யாருக்குப் போட்டாய் என்று கேட்டேவிட்டேன்.

“அத மட்டும் கேக்காதீங்க உபதேசியாரே. உங்களுக்குப் பதில் சொல்லணுமேன்னு நெனச்சிருந்தா, அன்னிக்கும் பயந்துக்கிட்டுத்தானுங்க போட்டிருப்பேன்.”

சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். இத்தனை வருட உபதேசத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சம்பளம் அந்த மறுப்புதான். பயத்தை எடுத்துவிடுவது வரைதான் நம் வேலை, தம்பிகளா. அதற்குமேல் அவள் கையில் இருப்பது அவள் ஓட்டுச் சீட்டு.